கல்யாண அடுப்பில் ஒரு கப்பல் குண்டு

எங்கள் அருங்காட்சியகத்துக்கு எக்ஸ்ரே இயந்திரம் வந்துவிட்டது. நான் ஓய்வுபெற்ற பிறகுதான் வந்தது. என் இடத்துக்கு வந்திருக்கும் நிவேதா போன் செய்து, "மேடம், நீங்க வந்து பாக்காம நான் இதுக்குப் பொட்டு வைக்க மாட்டேன்" என்றாள். ஆட்டோ பிடித்துப் போனேன். பழைய பீரங்கிக் குண்டு ஒன்றை மேடைமேல் வைத்து, என்னை அடுத்த அறைக்கு அழைத்துப்போய், பொத்தானை அழுத்தினாள். திரையில் குண்டின் வயிறு தெரிந்தது.

"உள்ள வரைக்கும் இரும்புதான் மேடம். ஒண்ணும் பயமில்லை."

அவ்வளவுதான் வேலை. அவள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டாள். நான் அந்தத் திரை முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"இது இல்லாம நீங்கல்லாம் எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"எங்க கண்டுபிடிச்சோம்மா? சந்தேகப்பட்டோம். அதுக்கே ஒரு கல்யாண அடுப்பை அணைக்க வேண்டியதாப் போச்சு."

கல்யாணம் என்றதும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சொல்லி முடித்தபோது, "இதை எழுதிக் குடுங்க மேடம், எங்க பேட்ச்ல எல்லாரும் படிக்கணும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் வேதியியல் படித்தேன். அருங்காட்சியகத்தில் வேலை என்றதும் அம்மா, "அங்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள். பழைய இரும்பு துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். "எண்ணெய் தடவினாப் போதாதா?" என்றாள். அது ஏன் போதாது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் என்னை வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எதையும் அவசரப்பட்டுச் சுரண்டாதே என்பதுதான் அங்கே நான் கற்றதில் பாதி.

எங்கள் பிரிவின் வேலை கடற்போர்ப் பொருள்களைச் சேகரிப்பது. பதினெட்டாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்துக்கு எதிரே ஆங்கிலேயரின் கப்பல்களும் பிரெஞ்சுக்காரரின் கப்பல்களும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மோதிக்கொண்டன. சண்டை போட்டவர்கள் அவரவர் வழியில் போனார்கள். அவர்கள் வீசிய இரும்பு இங்கேயே தங்கிவிட்டது. வலையில் மீனோடு வரும், புயலுக்குப் பிறகு மணல் நகர்ந்தால் கரையில் தலைகாட்டும், முகத்துவாரத்தில் தூர்வாரினால் சேற்றோடு வரும். நம் ஊர்க்காரர்கள் எதையும் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். குண்டைத் தண்ணீர் டிரம் மூடி பறக்காமல் இருக்க வைப்பார்கள், கதவுக்கு முட்டுக்கொடுப்பார்கள், நங்கூரத்தின் உடைந்த கையில் மாடு கட்டுவார்கள். நாங்கள் ஊர் ஊராகப் போய் அவற்றைக் கேட்டு வாங்கி வருவோம்.

நான் சேர்ந்தபோது எங்கள் கூடத்தில் ஏற்கெனவே சில குண்டுகள் இருந்தன. கடலிலிருந்து எடுத்து அப்படியே காயவிட்டதால், வெங்காயம் போலத் தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தன. கடல் இரும்புக்குள் உப்பு புகுந்திருக்கும். காய்ந்தால் உள்ளேயிருந்து இரும்பைப் பிளக்கும். ஆகவே முதல் விதி, நனைந்த பொருளை நனைந்தபடியே கொண்டுவர வேண்டும். ஈரச் சாக்கில் சுற்றி, மேலே பாலித்தீன் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். "என்னம்மா, பலாப்பழமா?" என்று பக்கத்து சீட்டில் கேட்பார்கள். ஆமாம் என்றால் விலை கேட்பார்கள். இல்லை, பீரங்கிக் குண்டு என்றால் எழுந்து வேறு சீட்டுக்குப் போவார்கள். பெரும்பாலும் ஆமாம் என்றே சொல்வேன்.

வந்து சேர்ந்ததும் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். உப்பு மெல்ல மெல்ல வெளியே வரும். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்த தண்ணீரில் கொஞ்சம் சோதனைக் குழாயில் ஊற்றி, அமிலம் சேர்த்து, வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் வெள்ளையாக ஒரு மேகம் எழும். மேகம் எழுந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. மறுபடியும் தண்ணீர் மாற்று. மாதக்கணக்கில் மேகம் பார்ப்பேன். ஒருநாள் சொட்டு விழும், ஒன்றுமே ஆகாது, குழாய் தெளிவாகவே இருக்கும். அந்தக் காலையில் மட்டும் நான் கேன்டீனில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தருவேன். பிறகு கடுக்காய்க் கஷாயம். தூரிகையால் பூசப் பூசத் துரு நீலக்கறுப்பாக மாறி இறுகும். கடைசியாக உருக்கிய மெழுகு. அத்தோடு குண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

என் மேலதிகாரி அரங்கநாதன் சார், காப்பாட்சியர். தஞ்சாவூரில் நிலபுலன்களோடு இருந்த குடும்பம். நிலமெல்லாம் அவருடைய அப்பா காலத்திலேயே போய்விட்டது. உயரமாக, சற்றே முன்னால் குனிந்து, எதிரிலிருப்பவர் பேசுவதைக் காது கொடுத்து வாங்குவதுபோல நிற்பார். யாரையும் நீங்க என்றுதான் சொல்வார், ஜீப் டிரைவர் வீட்டு ஐந்து வயதுக் குழந்தையைக்கூட. கடற்போர்ப் பொருள்களுக்குப் பொறுப்பாளரான அவர் படகில் ஏறியதே இல்லை. கரையில் நின்று அலையைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மீனவர்களோடு பேசுவார்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள். ஒன்று, நான் எதைச் சொன்னாலும், "கண்ணா, கணக்கா?" என்று கேட்பார். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறீர்களா, யோசித்துச் சொல்கிறீர்களா என்று அர்த்தம். எந்தப் பதிலுக்கும் கோபிக்க மாட்டார். ஆனால் இரண்டையும் கலந்து சொன்னால் விடமாட்டார். மற்றது, ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கும் பொருளை, அந்த வேலைக்கு வேறு ஆள் வைக்காமல் எடுத்துவர மாட்டார்.

நாகப்பட்டினம் போகும் வழியில் ஒரு ஊரில் சகாயமேரி என்று ஒரு தையல்காரப் பெண்மணி. அவர் வீட்டுக் கிணற்றில் ராட்டினத்துக்குப் பதில் தொங்கியது ஒரு கப்பல் கப்பி. பாய்மரக் கயிறு ஓடுவதற்காக ஏதோ தூரதேசத்து மரத்தில் கடைந்தது. அவருடைய கணவர் வீட்டில் யாரோ எப்போதோ கடற்கரையிலிருந்து கொண்டுவந்தார்களாம். கொஞ்சம்கூடச் சத்தம் இல்லாமல் சுற்றும். அந்த மரத்திலேயே எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. அரங்கநாதன் சார் கடைவீதியில் புது இரும்பு ராட்டினம் வாங்கி, ஆள் வைத்து மாட்டி, நான்கு வாளி தண்ணீரும் தாமே இறைத்துப் பார்த்த பிறகுதான் கப்பியைக் கையில் வாங்கினார். அடுத்த மாதம் அந்த வழியாகப் போனபோது சகாயமேரி வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன சார் இது? நீங்க குடுத்தது இந்தக் கத்து கத்துது. நான் தண்ணி எடுத்தா தெருவுக்கே தெரியுது. என் பழசைக் குடுத்துடுங்க."

"குடுக்க முடியாதேம்மா. தஞ்சாவூர்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிடுச்சு."

"அப்ப நீங்களே வந்து எண்ணெய் போடுங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னார். சார் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். அதன்பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜீப்பில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி இருக்கும். அவர் ராட்டினத்துக்கு எண்ணெய் போடுவார், சகாயமேரி என் ரவிக்கையின் அளவைப் பார்த்து, "யாரும்மா இந்தத் தோளை வெட்டினது?" என்று வருத்தப்படுவார். ஓய்வுபெறும்வரை என் ரவிக்கைகளை அவர்தான் தைத்தார்.

இப்போது குண்டு விஷயத்துக்கு வருகிறேன். பீரங்கிக் குண்டுகளில் பெரும்பாலானவை வெறும் இரும்பு உருண்டை. ஆனால் கரையிலுள்ள கோட்டைகள் மேல் வீசுவதற்கென்று வேறு வகை உண்டு. உள்ளே பொள்ளலாக, வெற்றிடம் விட்டு வார்த்து, வெடிமருந்து நிரப்பி, ஓட்டையில் மரத் தக்கை அடித்து, அதற்குள் திரி வைத்திருப்பார்கள். அது வெடிக்காமல் விழுந்திருந்தால் மருந்து இன்னும் உள்ளே இருக்கலாம். ஊறிக் கிடந்த மருந்து உலர்ந்தால் மறுபடி பற்றும்.

அடையாளம் காண எடை பார்ப்போம். இத்தனை பெரிய குண்டு இத்தனை எடை இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. குறைந்தால் உள்ளே பொள்ளல் என்று சந்தேகப்பட வேண்டும். அப்படி ஒருமுறை நாகப்பட்டினத்தில் மீனவர் ஒருவர் கொடுத்த குண்டு, அளவுக்குப் பாதி எடைதான் இருந்தது. ஓட்டை எதுவும் தெரியவில்லை, மேலே சிப்பியும் துருவும் அடைத்திருந்தது. ஆபத்துக்கு இடம் தரக் கூடாது என்று போலீஸுக்குச் சொன்னோம். தெருவையே காலி செய்தார்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து தூரத்திலிருந்து துளை போட்டார்கள். உள்ளே முழுக்கத் திடம். கடல் உப்பு இரும்பைத் தின்று கிராஃபைட் கரியை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அதனால்தான் எடை குறைவு. அந்தக் குழுவின் இன்ஸ்பெக்டர் கறுப்புத் தூளை விரலில் தேய்த்துப் பார்த்து, "மேடம், நல்ல பென்சில் செய்யலாம்" என்றார். மறுநாள் செய்தித்தாளிலும் வந்தது. அலுவலகத்தில் கொஞ்ச நாள் எனக்குப் பென்சில் மேடம் என்று பெயர். சார் மட்டும் சிரிக்கவில்லை. "கணக்கு சரிதான். இரும்புதான் வேற மாதிரி இருந்துச்சு" என்றார்.

இதற்கடுத்த வருடம்தான் அந்தக் கல்யாணம்.

வேதாரண்யத்துக்கு வடக்கே, உப்புக்காற்று வயல்வரை வரும் ஒரு ஊர். வைரக்கண்ணு என்ற விவசாயியின் வீட்டில் குண்டுகள் இருப்பதாக ஒரு பஸ் கண்டக்டர் சொல்லியிருந்தார். ஒரு பிற்பகல் ஜீப்பில் போய் இறங்கினோம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் எங்கள்மேல் பன்னீர் தெளித்துவிட்டாள்.

"வாங்க, வாங்க! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க!"

கையில் சந்தனம், குங்குமம், காபி. சார் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "நாங்க மாப்பிள்ளை வீடு இல்லைங்க. குண்டு பாக்க வந்திருக்கோம்" என்றார். வைரக்கண்ணு வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூன்று நாள் தூங்காத கண்களோடு, சிரித்த முகமாக இருந்தார்.

"காலைல பொண்ணுக்குக் கல்யாணம். இன்னிக்கு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. யாரா இருந்தா என்ன, வந்தவங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணும். குண்டுதானே? அதோ, வேலை பாத்துக்கிட்டு இருக்கு பாருங்க."

கொல்லைப்புறம் அழைத்துப் போனார். கீற்றுப் பந்தலுக்கு அடியில் தரையில் பள்ளம் வெட்டி அடுப்பு. அதன் விளிம்பில் மண்ணில் பாதி புதைத்து மூன்று குண்டுகள், அவற்றின்மேல் ஒரு பெரிய அண்டா. விறகு அப்போதுதான் பற்ற ஆரம்பித்திருந்தது, அண்டாவில் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. சமையல் மாஸ்டர் கரண்டியோடு எங்களிடம் வந்தார்.

"கருங்கல்லு வச்சா சூட்டுல வெடிச்சிடும் சார். இரும்பு வெடிக்காது. அதான் இந்த வீட்டுல எனக்குப் பிடிச்சதே."

இரண்டு குண்டுகள் பல காலமாக அந்த வீட்டில் இருப்பவை, எத்தனையோ அண்டா தாங்கியவை. மூன்றாவது இந்த வருடம்தான் வந்ததாம். முகத்துவாரத்தில் வாய்க்கால் தூர்வாரியபோது சேற்றிலிருந்து எடுத்தது. அதுவரை மூன்றாவதாகச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். "கல்யாணத்துக்குன்னே வந்த மாதிரி வந்துச்சு" என்றார் வைரக்கண்ணு.

நான் குனிந்து பார்த்தேன். பழைய இரண்டும் காய்ந்து கிடந்தன. மூன்றாவதின் அடிப்பக்கம், மண்ணைத் தொடும் இடத்தில், ஈரம். சூடு ஏற ஏற அங்கிருந்து நீர் கசிந்து, மெல்லிய சீறலோடு ஆவியாகிக்கொண்டிருந்தது. விளிம்பில் கொஞ்சம் மண்ணைத் தள்ளினேன். குண்டின் உடம்பிலிருந்து காது மாதிரி ஒரு சிறு வளையத்தின் அடிப்பாகம் துருத்திக்கொண்டிருந்தது. திட உருண்டைக்குக் காது எதற்கு? பொள்ளல் குண்டுகளைத் தூக்கத்தான் காது வைப்பார்கள், ஓட்டைக்குப் பக்கத்தில். நிலையாக உட்காரட்டும் என்று ஓட்டைப் பக்கத்தைக் கீழே வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

பந்தலுக்கு அடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். பூசணிக்காயை உருட்டிப் பிள்ளைகள் விளையாடின. பென்சில் மேடம் என்ற பெயரும் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது, மறைக்க மாட்டேன். துருப்பிடித்த திடக் குண்டும் ஈரத்தை வைத்திருக்கும். காது என்று நான் நினைத்தது ஒட்டிக்கொண்ட ஏதோ இரும்புத் துண்டாகவும் இருக்கலாம். ஒரு சந்தேகத்துக்காகக் கல்யாண அடுப்பை அணைக்கச் சொல்வதா?

சாரை ஓரமாக அழைத்துச் சொன்னேன்.

"கண்ணா, கணக்கா?"

"கசியறது கண்ணு சார். காதும் கண்ணுதான். உள்ள மருந்துங்கிறது கணக்கு."

அவர் காபி டம்ளரை ஒரு ஸ்டூலின்மேல் வைத்தார். "கணக்கே போதும், வாங்க" என்று நேராக வைரக்கண்ணுவிடம் போனார். குரலை உயர்த்தவில்லை. அவர் தோளில் கைவைத்து, மூன்றாவது குண்டுக்குள் வெடிமருந்து இருக்கலாம், நிச்சயமாகத் தெரியாது, ஆனால் இப்போதே நெருப்பை எடுத்துவிட்டு எல்லோரும் தூரமாகப் போக வேண்டும் என்றார்.

வைரக்கண்ணுவின் முகம் மாறிவிட்டது. "கல்யாண அடுப்பை அணைக்கச் சொல்றீங்களா? நிச்சயமாத் தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல அடுப்பு அணைஞ்சு கிடந்தா அபசகுனம்னு சொல்ல மாட்டாங்களா? என் பொண்ணு அந்த வீட்டுல வாழணும் சார்."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட முதல்ல சொல்றேன்."

மாஸ்டர் நடுவில் புகுந்து, இரும்பு வெடிக்காது என்று மறுபடியும் ஆரம்பித்தார். சத்தம் கேட்டுக் கல்யாணப்பெண்ணே வெளியே வந்துவிட்டாள். பெயர் செண்பகம். நர்ஸ் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். ஒரு கையில் மட்டும் வளையல் போட்டு முடித்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டாள். என்னையும் பார்த்தாள், அடுப்பையும் பார்த்தாள்.

"அப்பா, அடுப்பை எப்ப வேணும்னாலும் பத்த வச்சுக்கலாம். இவங்க சொல்றது பாதி நிஜமா இருந்தாலும் நமக்கு வேணாம்ப்பா." பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் எழுந்திரிங்க! காயை விடுங்க, பிள்ளைங்களைத் தூக்குங்க, கோயில் திடலுக்குப் போங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். வார்டில் பழகிய குரல். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

நீண்ட கம்பியால் விறகை இழுத்து வெளியே போட்டோம். பந்தல் காலியாயிற்று. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுத் தொலைபேசியிலிருந்து போலீஸுக்குத் தகவல் போனது. நிபுணர்கள் திருச்சியிலிருந்து வர வேண்டும், காலையில்தான் முடியும் என்றார்கள். விறகு போனாலும் பள்ளத்துக்குள் தணல் இருந்தது. கடல் காற்று வேறு வீசிக்கொண்டிருந்தது. மேலே கீற்றுப் பந்தல். குண்டைத் தொட்டுத் தூக்குவது கூடவே கூடாது.

எனக்கு வேதியியல் எதுவும் தோன்றவில்லை. நாற்றங்கால்தான் தோன்றியது. "சார், குண்டைத் தண்ணிக்குக் கொண்டுபோக வேணாம். தண்ணியைக் குண்டுக்குக் கொண்டுவரலாம். பக்கத்து வயல்ல மோட்டார் இருக்கு. ஓஸை அடுப்புப் பள்ளத்துல விட்டு, சுத்தி வரப்பு போட்டுத் தேக்கிடலாம்."

சொன்ன உடனே வைரக்கண்ணு மண்வெட்டியை எடுத்துவிட்டார். சகுனத்தைப் பற்றிப் பேசியபோது இருந்த தவிப்பு போய்விட்டது. நீர் கட்டுவது என்றால் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டார் ஓடியது, ஓஸின் வாயைத் தூரத்திலிருந்தே தள்ளி விட்டோம். தணல் சீறி, பள்ளம் முழுக்கப் புகை. தண்ணீர் ஏற ஏற ஒரு பக்கம் தாழ்வாக இருந்ததால் வழிந்து ஓடியது. அந்தப் பக்கம் உயரமாக வரப்பு போட வேண்டும். அது அடுப்புக்குக் கிட்டத்தில். இரண்டு மூன்று பேர் தயங்கினார்கள். சாரும் நானும் அவர்களுக்கு முன்னால் போய் நின்றோம். வரப்பு போடச் சொன்னவர்களே பின்னால் நிற்க முடியுமா?

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

பன்னீர் தெளிக்க ஆள் இல்லை. வீட்டில் யாரும் இல்லை. கொல்லையில் பெண்ணின் அப்பா முழங்கால்வரை சேற்றோடு மண்வெட்டியும் கையுமாக நிற்கிறார். அடுப்புக்குள் குளம். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "என்னய்யா இது கூத்து?" என்றார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

மாப்பிள்ளை ஞானசேகரன் டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறவர். பட்டு வேட்டியில் வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஓடும் தண்ணீரைப் பார்த்தார். "இந்தப் பக்கம் உடையுது பாருங்க" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாமனார் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, அளந்து வைத்தாற்போல மண்ணை வெட்டி வெட்டி வைத்தார். அவருடைய நண்பர்களும் இறங்கினார்கள். வரப்பு எழுந்தது. தண்ணீர் ஏறி, முதலில் அந்தக் காதையும் பிறகு குண்டின் உச்சியையும் மூடியது. அண்டா மட்டும் தெப்பம் போல மிதந்து மெல்லத் திரும்பியது. திடலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. செண்பகம்தான் முதலில் சிரித்தாள் என்று பிறகு சொன்னார்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி இடுப்புவரை சேறு.

அன்றைக்கு ஊரில் ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் ஏதோ ஒன்று வெந்தது. ஒரு வீட்டில் சாம்பார், ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டில் பாயசம். மாஸ்டர் கரண்டியோடு தெருத்தெருவாக ஓடி உப்பு பார்த்தார். முகூர்த்தம் கோயிலிலேயே நடந்தது. காலைவரை காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள் அந்த அடுப்புக் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நிபுணர் குழு மறுநாள் காலை பந்தி நடக்கும்போது வந்தது. அதே இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்ததும் அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு எழுந்தது. தண்ணீரைக் கொஞ்சம் வடித்து, அடி மண்ணை மெல்ல விலக்கி, மறைவிடம் பார்க்க உதவும் கண்ணாடிக் குழாய் ஒன்றை விட்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"இது பென்சில் இல்லை மேடம். தக்கை அப்படியே இருக்கு."

தண்ணீர் நிரப்பிய தொட்டியில், மணல் மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் கழித்து எங்களை அழைத்தார்கள். தண்ணீருக்குள்ளேயே வைத்துத் துளையிட்டு மருந்தை எடுத்திருந்தார்கள். கறுப்பாக, களி மாதிரி. அதில் ஒரு சிட்டிகையை உலர்த்தி ஓட்டின்மேல் வைத்து, நீளக் குச்சியால் நெருப்பைக் காட்டினார் இன்ஸ்பெக்டர். புஸ்ஸென்று வெளிச்சம், கந்தக வாசனை. அவ்வளவுதான். ஒரு சிட்டிகைக்கே அப்படி. அரங்கநாதன் சார் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதை அவங்ககிட்ட நேர்ல சொல்லணும்" என்றார்.

போனோம். செண்பகமும் மாப்பிள்ளையும் அன்று வந்திருந்தார்கள். வைரக்கண்ணு நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார். அவருக்கு எங்கள்மேல் கோபமில்லை. ஆனால் ஒரு சின்னச் சடைவு இருந்தது, பேச்சில் தெரிந்தது. நிபுணர்கள் கொண்டுபோனது வெறும் ஜாக்கிரதைக்காக என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

மருந்து எடுத்த குண்டு மியூசியத்துக்கு வந்துவிட்டது என்று தொடங்கிச் சார் சொன்னார். பார்த்ததை மட்டும் சொன்னார், ஒரு சிட்டிகை, வெளிச்சம், வாசனை.

வைரக்கண்ணு கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டு விரல் மடக்க ஆரம்பித்தார். "மாஸ்டர் இருந்தாரு. என் தங்கச்சி காய் அரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அது பிள்ளைங்க ரெண்டும் அங்கதான். மேலத்தெருப் பொம்பளைங்க எல்லாம்..." துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். செண்பகம் வந்து அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

துண்டை எடுத்தபோது அவர் கண் சிவந்திருந்தது. ஆனால் மீசைக்குக் கீழே ஏதோ துடித்தது.

"சார், கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்கு எல்லாம் திருப்திங்க. ஊரே சமைச்சுப் போட்ட சாப்பாடு மாதிரி வராதுன்னு சொல்றாங்க. மாப்பிள்ளையோட மாமா மட்டும் இன்னிக்கு வரைக்கும் ஒரே ஒரு குறை சொல்லிக்கிட்டு இருக்காரு."

"என்ன குறை?" என்றார் சார், பயந்துபோய்.

"கல்யாணம்னு பேரு, ஒரு வெடிகூட வெடிக்கலையேங்கிறாரு."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. முதலில் ஞானசேகரன்தான் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வைரக்கண்ணு, பிறகு நான். அத்தனை வருடத்தில் அரங்கநாதன் சார் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கையிலிருந்த மோர் வேட்டியெல்லாம் சிந்தியது. செண்பகம் அப்பாவின் தோளில் சாய்ந்து, மூச்சு வாங்கச் சொன்னாள்:

"மாமா இனிமே கேட்டாருன்னா, மியூசியத்துல இருக்கு, போய்ப் பாத்துக்குங்கன்னு நான் சொல்லிக்கிறேன்ப்பா."